1789 மார்ச் 4: புது அமெரிக்க அரசின் கையில் என்ன இருந்தது? (விவாத இழை)

குறிஞ்சி_மாணவி

எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்க அரசியல் சாசனத்தை 1787இல் பிலடெல்பியாவில் எழுதினார்கள், 1788 ஜூன் 21 அன்று ஒன்பதாவது மாநிலமாக நியூ ஹாம்ப்ஷயர் ஒப்புக்கொண்டதும் அது செல்லுபடியானது, 1789 ஏப்ரல் 30 அன்று வாஷிங்டன் பதவியேற்றார். பாடப் புத்தகத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. எனக்குத் தெரிய வேண்டியது நடைமுறை. காகிதத்தில் இருந்த அரசு எப்படி நடக்க ஆரம்பித்தது? முதல் வரிப்பணம் எங்கிருந்து வந்தது, யார் வசூலித்தார்கள், எங்கே சிக்கியது?

பழையஏடு

முதலில் சிக்கியது ஆள் விஷயத்தில்தான் மா. புதிய காங்கிரஸ் 1789 மார்ச் 4 அன்று நியூயார்க்கில் கூட வேண்டும். அன்றைக்கு வந்து சேர்ந்தவர்கள் பிரதிநிதிகள் சபைக்கு 13 பேர், செனட்டுக்கு 8 பேர். வட கரோலினாவும் ரோட் ஐலண்டும் அப்போது ஒன்றியத்திலேயே இல்லை. மீதி 11 மாநிலங்களின் கணக்கில் சபைக்கு 59, செனட்டுக்கு 22. கோரத்துக்கு, அதாவது அவை நடக்கத் தேவையான குறைந்தபட்ச வருகைக்கு, முறையே 30 பேரும் 12 பேரும் வேண்டும். சபை ஏப்ரல் 1 வரைக்கும், செனட் ஏப்ரல் 6 வரைக்கும் காத்திருந்தன.

செனட்டுக்குக் கோரம் வராமல் வாக்குப் பெட்டியைத் திறக்க முடியாது. வாக்கெண்ணாமல் குடியரசுத் தலைவர் இல்லை. அவர் கையெழுத்துப் போடாமல் சட்டம் இல்லை. ஏப்ரல் 6 அன்று எண்ணிப் பார்த்தபோது, மாநிலங்களின் சார்பில் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் 69 தேர்வாளர்களும் வாஷிங்டனுக்கே போட்டிருந்தார்கள். நியூயார்க் மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளும் தேர்வாளர்களை எப்படி நியமிப்பது என்பதில் முட்டிக்கொண்டதால், தலைநகரம் இருந்த அந்த மாநிலத்துக்கே இந்தத் தேர்தலில் வாக்கு இல்லாமல் போனது. பழைய காங்கிரசின் செயலாளர் சார்லஸ் தாம்சன் சேதியோடு வெர்ஜீனியாவில் வாஷிங்டனின் வீடான மவுண்ட் வெர்னனுக்குப் போய்ச் சேர ஏப்ரல் 14 ஆகிவிட்டது.

பழைய கூட்டமைப்பு அரசிடமிருந்து கைக்கு வந்தவை இவை: வெளியுறவில் ஜான் ஜே, போர்த் துறையில் ஹென்றி நாக்ஸ், கருவூலத்தைக் கவனித்த மூவர் குழு, சுமார் 75 அஞ்சல் நிலையங்கள், சுமார் 700 படைவீரர்கள், இவற்றோடு மலைபோல் கடன்.

கருவூலத்தான்

பழையஏடு ஐயா சொன்ன அந்த ஒரு மாதத் தாமதம் பணமாகவே நஷ்டம். ஐரோப்பியக் கப்பல்கள் சரக்கோடு வந்து குவிவது வசந்த காலத்தில். மாசசூசெட்ஸ் உறுப்பினர் ஃபிஷர் ஏம்ஸ், நாளொன்றுக்கு 1,000 பவுண்டு வருவாய் போகிறது என்று அப்போதே கடிதத்தில் புலம்பியிருக்கிறார்.

வெர்ஜீனியா உறுப்பினர் மேடிசனுக்கும் இது தெரியும். ஏப்ரல் 8 அன்றே, அதாவது வாஷிங்டன் பதவியேற்பதற்கு மூன்று வாரம் முன்னால், இறக்குமதி வரித் தீர்மானத்தை அவையில் வைத்துவிட்டார். ஆனால் ரம் வடிக்கும் மாசசூசெட்ஸுக்கு, அதன் மூலப்பொருளான மொலாசஸ் (கரும்புச் சர்க்கரைக் கழிவுப்பாகு) மீதான வரி உறுத்தியது. அந்த ஒரு பொருளுக்கே நாட்கணக்கில் பேசினார்கள். கடைசியில் காலனுக்கு இரண்டரை சென்ட் என்று முடிந்தது. ஜூலை 4 அன்று வாஷிங்டன் கையெழுத்திட்டார். நடைமுறைக்கு வந்தது ஆகஸ்டில். வசந்த காலச் சரக்கு முழுக்கக் கைநழுவிப் போயிருந்தது.

வரி விகிதங்களைப் பாருங்கள். ஜமைக்கா ரம் காலனுக்கு 10 சென்ட், மதீரா ஒயின் காலனுக்கு 18 சென்ட், உப்பு புஷலுக்கு 6 சென்ட். பட்டியலில் பேர் வராத சரக்குகளுக்கெல்லாம் மதிப்பில் 5 விழுக்காடு. சாதாரண போஹி தேயிலை அமெரிக்கக் கப்பலில் நேராகச் சீனாவிலிருந்து வந்தால் பவுண்டுக்கு 6 சென்ட், ஐரோப்பா வழியாக அமெரிக்கக் கப்பலில் வந்தால் 8 சென்ட், வேறு எப்படி வந்தாலும் 15 சென்ட். தேயிலை தவிர இந்தியா, சீனச் சரக்குகள் அயல்நாட்டுக் கப்பலில் வந்தால் 5 அல்ல, பன்னிரண்டரை விழுக்காடு. வரி போட்ட கையோடு சொந்தக் கப்பல் தொழிலையும் தூக்கிவிட்டார்கள்.

விகிதம் எழுதுவது எளிது, வசூலிப்பதுதான் வேலை. அதற்கான சட்டம் ஜூலை 31 தேதியிட்டது. கடற்கரை முழுவதையும் சுங்க மாவட்டங்களாகப் பிரித்தது. பெரிய துறைமுகத்தில் மூன்று அதிகாரிகள்: கலெக்டர், நேவல் ஆபீசர், சர்வேயர். நேவல் ஆபீசர் என்றதும் கடற்படை என்று நினைக்க வேண்டாம். கலெக்டர் போடும் வரிக் கணக்கைச் சரிபார்த்து மேலொப்பமிடும் சுங்க அதிகாரி அவர். சர்வேயரின் கீழ் எடை போடுகிறவர், பீப்பாய் அளக்கிறவர், கப்பலில் ஏறிக் காவல் இருக்கிற இன்ஸ்பெக்டர்.

கப்பல் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கேப்டன் சத்தியம் செய்து சரக்குப் பட்டியலை ஒப்படைக்க வேண்டும். சரக்குக்கு உரியவர் விலைச்சீட்டோடு வந்து பதிய வேண்டும். வரி 50 டாலருக்கு மேல் போனால் உடனே கட்ட வேண்டியதில்லை, பிணைக்கு ஆள் நிறுத்தி முறி எழுதிக் கொடுக்கலாம். மேற்கிந்தியத் தீவுகளின் விளைபொருளுக்கு 4 மாதத் தவணை, மதீரா ஒயினுக்கு 12 மாதம், மற்றதற்கு 6 மாதம். ஒயின் பதமாகி விற்றுக் காசாக நாளாகும் என்பதால் அதற்கு மட்டும் ஓராண்டு. இந்த நுணுக்கம்தான் சட்டத்தை வியாபாரிகள் ஏற்றுக்கொள்ளும்படி செய்தது. அனுமதிச் சீட்டு கைக்கு வந்த பிறகே சரக்கை இறக்கலாம், அதுவும் பகல் வெளிச்சத்தில்தான்.

பலன்: 1789 முதல் 1791 கடைசி வரை அரசுக்கு வந்த மொத்த வரவு சுமார் 44.2 லட்சம் டாலர். அதில் சுங்கம் மட்டும் சுமார் 44 லட்சம். அந்த அரசு உயிர் பிழைத்தது துறைமுகத்தில்தான் என்பேன்.

தீவுத்திடல்

இந்தச் சட்டத்தில் நம்மூர் வாசகர்கள் கவனிக்க வேண்டிய ஒரு பிரிவு இருக்கிறது. விலைச்சீட்டு அந்தந்த நாட்டுப் பணத்தில் இருக்கும். அதை டாலருக்கு மாற்றச் சட்டத்திலேயே விகிதம் வைத்தார்கள். பிரிட்டிஷ் பவுண்டு 4 டாலர் 44 சென்ட், சீனத்துத் தேல் 1 டாலர் 48 சென்ட், வங்காள ரூபாய் ஐம்பத்தைந்தரை சென்ட், இந்தியப் பகோடா 1 டாலர் 94 சென்ட். பகோடா என்பது சென்னைப்பட்டணத்தில் புழங்கிய வராகன். அமெரிக்கக் கூட்டாட்சியின் முதல் ஆண்டுச் சட்டத்தில் நம் வராகனுக்கு விலை எழுதியிருக்கிறது. இந்தப் பக்கத்துச் சரக்கு அங்கே போய் இறங்கிக்கொண்டிருந்தது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டாம்.

கருவூலத்தான் சாரிடம் ஒரு கேள்வி. வரியைத் தங்க, வெள்ளி நாணயத்தில் மட்டுமே வாங்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. ஆனால் ஹாமில்டன் 1789 செப்டம்பரில் கருவூலச் செயலாளர் பதவிக்கு வந்ததும், நியூயார்க் வங்கியின் நோட்டுகளையும் வட அமெரிக்க வங்கியின் நோட்டுகளையும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று கலெக்டர்களுக்குச் சுற்றறிக்கை விட்டார். சட்டத்தை மீறிய செயல் இல்லையா?

கருவூலத்தான்

நேர்மையாகப் பதில் சொன்னால், சட்டத்தின் எழுத்துக்கு ஒட்டாத செயல்தான். ஹாமில்டன் சொன்ன நியாயம், வியாபாரியைக் காசுக்குக் கசக்குவதைச் சட்டம் நோக்கமாகக் கொள்ளவில்லை, தேய்மானக் காகிதப் பணத்தைத் தடுப்பதே நோக்கம் என்பது. நடைமுறைத் தேவையும் இருந்தது. நாணயத்தை மூட்டை கட்டி சார்ல்ஸ்டனிலிருந்து நியூயார்க்குக்கு அனுப்புவது செலவு, ஆபத்து, அத்தோடு தெற்கே காசு வறட்சி. நோட்டாக இருந்தால் தபாலில் வரும். அதோடு அதே இரண்டு வங்கிகளிடமும் அரசு நடத்த அவசரக் கடன் வேறு வாங்க வேண்டியிருந்தது. கஜானா அந்த அளவுக்குக் காலி.

முதல் செலவின ஒதுக்கீட்டுச் சட்டம் செப்டம்பர் 29 தேதியிட்டது. மொத்தமே 6,39,000 டாலர்: சிவில் செலவு 2,16,000, போர்த் துறை 1,37,000, பழைய கருவூலக் குழு எழுதிக் கொடுத்துப் பணம் தராமல் விட்ட வாரண்டுகளுக்கு (பணம் கொடுக்கச் சொல்லும் ஆணைகளுக்கு) 1,90,000, ஊனமுற்ற வீரர்களின் ஓய்வூதியம் 96,000. கிட்டத்தட்ட 30 விழுக்காடு பழைய பாக்கி அடைக்கவே போயிருக்கிறது பாருங்கள்.

குறிஞ்சி_மாணவி

நன்றி ஐயா. கலெக்டர்களாக யாரைப் போட்டார்கள்? மாநிலங்களுக்கு ஏற்கெனவே சொந்தச் சுங்கம் இருந்ததே, அவை சும்மா விட்டுக்கொடுத்தனவா? பணம் உள்ளே வந்த பிறகு களவு போகாமல் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள்?

பழையஏடு

பெரும்பாலும் மாநிலச் சுங்கத்தில் இருந்தவர்களையே வாஷிங்டன் எடுத்துக்கொண்டார். தொழில் தெரியும், துறைமுகத்தில் யார் எவர் என்று தெரியும். நியூயார்க் கலெக்டர் ஜான் லாம்ப் சாசனத்தையே கடுமையாக எதிர்த்தவர். இருந்தும் அவரையே நியமித்தார்கள். எதிர்த்தவரும் புது அரசின் சம்பளப் பட்டியலில் வந்துவிட்டார் என்பதில் ஒரு கணக்கு இருந்தது. ஆனால் இந்தக் கதை நல்லபடி முடியவில்லை. அவருடைய உதவியாளர் பணத்தைக் கையாடியதால் லாம்ப் 1797இல் பதவி இழந்தார்.

நியமனத்திலும் ஒரு முட்டல். 1789 ஆகஸ்டில் சவானா துறைமுகத்து நேவல் ஆபீசராக பெஞ்சமின் ஃபிஷ்போர்னை வாஷிங்டன் முன்மொழிந்தார். ஜார்ஜியா செனட்டர்களுக்குப் பிடிக்கவில்லை என்பதால் செனட் நிராகரித்தது. சம்பந்தப்பட்ட மாநிலத்துச் செனட்டர்களைக் கேட்காமல் அங்கே ஆள் போடக் கூடாது என்ற வழக்கம் அங்கிருந்து வேர்விட்டது.

களவு விஷயத்துக்கு 1789 செப்டம்பர் 2 தேதியிட்ட கருவூலச் சட்டத்தைப் படியுங்கள். ஒரு டாலர் வெளியே போக வேண்டுமானால் செயலாளர் வாரண்ட் எழுத வேண்டும், கன்ட்ரோலர் மேலொப்பமிட வேண்டும், ரெஜிஸ்ட்ரார் பதிய வேண்டும், அதன் பிறகே ட்ரெஷரர் பணம் கொடுக்கலாம். ஆடிட்டர் கணக்கைத் தனியாகத் தோண்டிப் பார்த்து கன்ட்ரோலருக்கு அனுப்புவார். ஹாமில்டனே நினைத்தாலும் தனியாகக் காசு எடுக்க முடியாது. கருவூலத்தில் பதவி வகிப்பவர் கடன் பத்திரம் வாங்கக் கூடாது, வியாபாரத்தில் பங்கு வைக்கக் கூடாது என்றும் அதே சட்டம் தடுத்தது. இருந்தும் உதவிச் செயலாளர் வில்லியம் டூயர் பத்திரச் சூதாட்டத்தில் இறங்கினார். சில மாதங்களில் பதவியை விட்டுப் போனவர், 1792 மார்ச்சில் திவாலாகும்போது நியூயார்க் சந்தையையும் சேர்த்துச் சரித்தார். பூட்டு சரியாக இருந்தது, கண்காணிப்பு போதவில்லை.

மேற்குமலை

சுங்கத்தையே புகழ்ந்துகொண்டிருந்தால் பாதிக் கதைதான் தெரியும். வரவு எதற்குப் போனது? கடனுக்கு. 1790 ஜனவரியில் ஹாமில்டன் காங்கிரசுக்குக் கொடுத்த கணக்குப்படி வெளிநாட்டுக் கடன் சுமார் 1.17 கோடி டாலர், உள்நாட்டுக் கடன் வட்டி பாக்கியோடு சுமார் 4.04 கோடி, மாநிலங்களின் கடன் சுமார் 2.5 கோடி என்று உத்தேசம்.

உள்நாட்டுக் கடனுக்கு முழு 6 விழுக்காடு வட்டி கொடுக்கச் சுங்க வருமானம் எட்டாது. அதனால் 1790 ஆகஸ்ட் 4 சட்டத்தில் ஒரு வித்தை செய்தார்கள். பழைய பத்திரம் 900 டாலருக்கு ஒருவர் வைத்திருந்தால், 600 டாலருக்கு உடனே 6 விழுக்காடு வட்டி தரும் புதுப் பத்திரம். மீதி 300 டாலருக்கு 1801 முதல்தான் வட்டி தரும் பத்திரம். ஆக, பத்தாண்டுக்கு அவருக்கு வருஷத்துக்கு 54 டாலர் அல்ல, 36 டாலர். வட்டி பாக்கிக்குத் தனியாக 3 விழுக்காட்டுப் பத்திரம். மாநிலக் கடனாக இருந்தால் அதே 900இல் 400க்கு 6 விழுக்காடு, 200க்குத் தள்ளிவைத்த 6 விழுக்காடு, 300க்கு 3 விழுக்காடு; உடனே கிடைப்பது 24 + 9 = 33 டாலர். போர்க்காலத்துக் கான்டினென்டல் காகிதப் பணத்துக்கு நூற்றுக்கு ஒன்றுதான்.

அநியாயம் எங்கே என்றால், படைவீரர்களுக்குச் சம்பளத்துக்குப் பதில் கொடுத்த பத்திரங்களை அவர்கள் பசிக்கு அடிமாட்டு விலைக்கு விற்றிருந்தார்கள். வாங்கி வைத்த நகரத்து வியாபாரிக்கு முழு மதிப்பும் போனது. மூலச் சொந்தக்காரருக்கும் ஒரு பங்கு கொடுப்போம் என்று மேடிசன் கொண்டுவந்த தீர்மானம் 36க்கு 13 என்று தோற்றது. சட்டம் வரப்போகிறது என்று மோப்பம் பிடித்தவர்கள் தெற்கு மாநிலங்களுக்கு ஆளனுப்பி, சேதி எட்டாத ஊர்களில் பத்திரங்களை அள்ளினார்கள். கணக்கு நேராக இருந்தால் மட்டும் போதுமா?

கருவூலத்தான்

உங்கள் கோபம் நியாயம் தோழர். ஆனால் மேடிசன் யோசனையை நடைமுறையில் எப்படிச் செய்வது? பத்திரம் கை மாறிய ஒவ்வொரு தடவைக்கும் பதிவு இல்லை. பல பத்திரங்கள் எழுத்தரின் பேரிலேயே எழுதப்பட்டிருந்தன. அதைவிட முக்கியம், வாங்கியவருக்கு உரிமை முழுதாக வராது என்று ஒரு தடவை காட்டிவிட்டால் அடுத்த கடனை எவன் கொடுப்பான்? ஆம்ஸ்டர்டாம் வங்கியாளர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாநிலக் கடனைக் கூட்டாட்சி அரசு ஏற்கும் பகுதி 1790 ஏப்ரல் 12 அன்று சபையில் 31க்கு 29 என்று தோற்றதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெர்ஜீனியா தன் கடனில் பெரும்பகுதியைத் தீர்த்திருந்தது. தீர்க்காதவனுக்கு நாங்கள் ஏன் கட்ட வேண்டும் என்று கேட்டது. ஜூனில் வெளியுறவுச் செயலாளர் ஜெஃபர்சன் வீட்டு விருந்தில் மேடிசனும் ஹாமில்டனும் பேசி முடித்தார்கள். ஜூலை 16 அன்று தலைநகரம் பத்தாண்டு பிலடெல்பியா, பிறகு போடோமாக் ஆற்றங்கரை என்று சட்டம் வந்தது. வெர்ஜீனியாவிலும் மேரிலாந்திலும் சில உறுப்பினர்கள் வாக்கை மாற்ற, கடன் ஏற்பும் நிறைவேறியது. உச்சவரம்பு 2.15 கோடி டாலர்.

மேற்குமலை

அந்த ஏற்பின் விலையை யார் கட்டினார்கள் என்பதைத்தான் சொல்ல வருகிறேன். கூடுதல் வட்டிக்குச் சுங்கம் போதாமல் 1791 மார்ச் 3 அன்று உள்நாட்டுச் சாராயத்துக்குக் கலால் போட்டார்கள். உள்நாட்டுத் தானியத்தில் வடித்ததற்கு, காரத்தைப் பொறுத்துக் காலனுக்கு 9 முதல் 25 சென்ட். கிராமத்துச் சிறு வாலைக்காரருக்கு வேறு கணக்கு: வாலையின் (சாராயம் வடிக்கும் கலத்தின்) கொள்ளளவில் காலனுக்கு ஆண்டுக்கு 60 சென்ட். 100 காலன் வாலை வைத்திருந்தால் 60 டாலர், அதுவும் ரொக்கமாக. மேற்கு பென்சில்வேனியாவில் ரொக்கமே அபூர்வம். ரை தானியத்தை மலை தாண்டிச் சுமக்கக் கட்டுபடியாகாது என்றுதான் அதைச் சாராயமாக்கினார்கள். கிழக்கத்திப் பெரிய ஆலை ஆண்டு முழுக்க வடிக்கும். இவர்கள் சில மாதம்தான். ஒரே விகிதம் இரண்டு பேருக்கும் ஒரே சுமை ஆகாது.

இன்னொன்று, வரி கட்டாதவர் மீதான கூட்டாட்சி வழக்கு பிலடெல்பியாவில். பிட்ஸ்பர்க் பக்கத்திலிருந்து சுமார் 300 மைல், அலெகேனி மலையைக் கடந்து. வழக்கில் ஜெயித்தாலும் அந்த ஆண்டு வெள்ளாமை போச்சு. உள்ளூர் நீதிமன்றத்திலேயே விசாரிக்கலாம் என்று 1794 ஜூனில் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனால் அதற்கு முன்பே எடுத்துவைத்த பழைய சம்மன்களோடுதான் மார்ஷல் டேவிட் லெனாக்ஸ் ஜூலையில் வந்தார். ஜூலை 17 அன்று கலால் அதிகாரி ஜான் நெவிலின் வீடு எரிந்தது. அடக்குவதற்கு நான்கு மாநிலங்களிலிருந்து 12,950 மிலீஷியாவை (மாநிலக் குடிப்படையினரை) திரட்டினார்கள். கலகக்காரர்கள் கலைந்துவிட்டார்கள், தேசத் துரோகக் குற்றம் உறுதியான இருவரையும் வாஷிங்டன் மன்னித்தார்.

சுங்கம் ஏன் ஓடியது, கலால் ஏன் முட்டியது என்றால், சுங்கத்தில் வரி கட்டுகிறவர் விரல்விட்டு எண்ணக்கூடிய துறைமுக வியாபாரிகள். தவணை உண்டு, விலையில் ஏற்றிவிடலாம். கலால் நேரே குடியானவன் வாசலுக்கு வந்தது.

தீவுத்திடல்

நீதிமன்ற தூரம் பற்றிப் பேசியதால் நீதிபதிகளின் பாட்டையும் சொல்லிவிடுகிறேன். 1789 செப்டம்பர் 24 சட்டம் ஆறு உச்ச நீதிமன்ற நீதிபதிகள், 13 மாவட்டங்கள், 3 சர்க்யூட்டுகள் என்று வகுத்தது. சர்க்யூட் நீதிமன்றத்துக்குத் தனி நீதிபதி கிடையாது. உச்ச நீதிமன்றத்தார் இருவர் ஆண்டுக்கு இரண்டு தடவை குதிரையிலும் வண்டியிலும் ஊர் ஊராகப் போய் உட்கார வேண்டும். தெற்குச் சுற்றில் மாட்டிய ஜேம்ஸ் ஐர்டெல் ஒரு சுற்றுக்குச் சுமார் 1,900 மைல் பயணம் செய்தார். சாலை, பாலம் இல்லாத ஆறு, மோசமான சத்திரம். புகார் மேல் புகார் போனதால் 1793இல் ஒரு நீதிபதி போதும் என்று குறைத்தார்கள். ஆனால் இந்த அலைச்சலால் ஒரு நன்மை, கூட்டாட்சி நீதிமன்றம் என்று ஒன்று இருப்பதைச் சார்ல்ஸ்டன்காரர் கண்ணால் பார்த்தார்.

பழையஏடு

படைப் பக்கம் யாரும் தொடவில்லை. ஒஹையோ நதிக்கு வடக்கே மயாமி, ஷானி, டெலவேர் உள்ளிட்ட பழங்குடி நாடுகள் தங்கள் நிலத்தைக் காத்து நின்றன; சுதந்திரப் போரை முடித்த 1783 ஒப்பந்தத்தில் இங்கிலாந்து எழுதிக் கொடுத்ததற்கு அவர்கள் கட்டுப்பட்டவர்கள் இல்லை. 1790இல் அமெரிக்கத் தளபதி ஹார்மர் தோற்றார். 1791 நவம்பர் 4 அன்று செயின்ட் கிளேர் தலைமையிலான சுமார் 1,400 பேரை பழங்குடித் தலைவர்கள் லிட்டில் டர்ட்டிலும் புளூ ஜாக்கெட்டும் விடியலில் வளைத்தார்கள். 600க்கும் மேற்பட்ட படையினர் இறந்தார்கள். அந்தத் தோல்வி முகாமுக்கு வெகு முன்பே ஆரம்பித்துவிட்டது. ஆறு மாதத்துக்கு எடுத்த வீரர்கள், கெட்டுப்போன வெடிமருந்து, பொருந்தாத சேணம், நேரத்துக்கு வராத உணவு. உணவு ஒப்பந்தம் மேலே சொன்ன அதே டூயரிடம் இருந்தது. கருவூலத்தில் கண்காணிப்பு போதவில்லை என்றேனே, அதன் விலை வபாஷ் ஆற்றங்கரையில் தெரிந்தது.

சபை 1792இல் விசாரணைக் குழு போட்டு போர்த் துறையின் காகிதங்களைக் கேட்டது. கொடுக்கலாமா என்று வாஷிங்டன் துறைத் தலைவர்களைக் கூட்டி யோசித்துவிட்டுக் கொடுத்தார்.

குறிஞ்சி_மாணவி

எல்லாருக்கும் மிக்க நன்றி. கடைசியாக ஒன்று: ஒன்றியத்தில் சேராமல் நின்ற ரோட் ஐலண்டை எப்படிச் சேர்த்தார்கள்? படை அனுப்பவில்லையே.

கருவூலத்தான்

சுங்கச் சட்டத்தால்தான் மா. சேராத மாநிலம் என்றால் வெளிநாடு. அதன் கப்பலுக்கு டன்னுக்கு 50 சென்ட், அமெரிக்கக் கப்பலுக்கோ 6 சென்ட். 1789 செப்டம்பரில் அவர்களுக்கும் வட கரோலினாவுக்கும் தற்காலிகச் சலுகை கொடுத்தார்கள். வட கரோலினா நவம்பர் 21 அன்று ஒப்புக்கொண்டது. ரோட் ஐலண்ட் இழுத்தடித்ததால், அதனுடன் வணிகத்தையே துண்டிக்கும் மசோதாவை 1790 மே 18 அன்று செனட் நிறைவேற்றியது. பிராவிடன்ஸ் நகரத்து வியாபாரிகள் மாநிலத்தையே விட்டுப் பிரிந்துவிடுவோம் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். மே 29 அன்று 34க்கு 32 வாக்கில் ரோட் ஐலண்ட் சேர்ந்தது.